பிரேக்குக்கும் பூசின பாலீஷ்

அன்புள்ள பொன்னுமணிக்கு, உன் வீட்டுக்காரன் சுருளிவேல் மலையிலருந்து எழுதுறது. நான் சவுக்கியம். உன் முழங்கால் எப்படி, என்னைத் திட்டுற தெம்பு இருக்கா?

எஸ்டேட்டுல சிக்னல் இல்ல, அதான் ஜீப்புல கடிதம். ஸ்டான்லி முதலாளி புதுக்காருக்குத் தானே பாலீஷ் போடுறேன்னு மிஷினு, கம்பளி வட்டு, பாட்டிலு பாட்டிலா வாங்கிட்டார். புது வண்டிக்கு மெத்துன்னு ஸ்பாஞ்சும் மெழுகும் போதும்னு டிரைவர் நான் சொன்னா அவர் காதுல ஏறுமா? டயர் பாலீஷைப் பிரேக் டிஸ்க்குலயும் பூசிட்டார். நேத்து முற்றத்துல ஓட்டிப் பாத்துப் பிரேக்கை மிதிச்சேன். வண்டி வழுக்கிப் போயி ஏலக்கா ஸ்டோர் சுவத்துக்கு ஒரு முழம் முன்னாடி நின்னுச்சு. "வண்டிக்கும் உன்னாட்டம் கொழுப்புடா"ன்னு சிரிக்கிறார்.

சோப்புப் போட்டுக் கழுவுறேன்னேன். போடி சர்ச்சுல புதுக்காருக்கு ஜெபம் பண்ற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாதுன்னு ஷெட்டைப் பூட்டிட்டார். நாளைக்குக் காலையில அந்தக் காரை மலைப்பாதையில போடிக்கு நான்தான் இறக்கணும்.

கார் துடைக்கன்னு சொல்லி உன் பழைய நூல் சேலை ஒண்ணு சாயங்கால ஜீப்புல கொடுத்துவிடு. துடைக்க மாட்டேன், தலைக்கு வச்சுக்குவேன்.

புதுக்கார்ல இறங்கணும்னு நம்ம மக முத்துப்பிரியாவைக் கூட்டிக்கிட்டு நாளைக்கு விடியக்காலை ஜீப்புல மலைக்கு வர்றேன்னியே, வராத. எதாச்சும் பொய் சொல்லிப் பிள்ளையை வீட்டுலயே நிப்பாட்டு. ஜீப்புக்காரன் ஹாரன் அடிக்கிறான்.

உன் சுருளிவேல்