கண்ணாடித் தொட்டியில் பொரி போட்டவள்

என் அருமை அத்தானுக்கு,

நீங்கள் இருந்தபோது உங்களுக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருப்பவருக்கு என்னத்தை எழுத? இப்போது எழுதுகிறேன். கூடத்தில் உங்கள் உப்புத்தண்ணீர்த் தொட்டியைக் கறுப்புக் கம்பளி போட்டு மூடி வைத்திருக்கிறேன், சபரிமலைக்குப் போகையில் நீங்கள் வாங்கினீர்களே, அதே கம்பளி. இன்றோடு மூன்று நாள். உள்ளே மீன் இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரியாது. எட்டிப் பார்க்கவும் கூடாதாம். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கோபப்படாமல் கேளுங்கள்.

உங்கள் காரியம் முடிந்த கையோடு சிவகிரியிலிருந்து அண்ணனும் மதினியும் வந்து என்னோடு தங்கிவிட்டார்கள். துணைக்கு என்றுதான் சொன்னார்கள். வந்த முதல் வேலையாக அண்ணன் தெருப்பக்கத்து ஜன்னல்களைச் சாத்தினான். "வருசம் திரும்புத வரைக்கும் நீ வாசப்படி தாண்டக் கூடாது, கேட்டியா. நாலு பேரு நாலு விதமாப் பேசுவான்" என்றான். சாத்தின ஜன்னல் சாத்தினதுதான். இப்போது சாரல் காலம். குற்றாலத்துக்குப் போகிற பஸ்களில் பாட்டும் கும்மாளமுமாகப் போகிறார்கள். சத்தம் மட்டும் எனக்கு வருகிறது. மூன்று மைலில் அருவி கொட்டுகிறது, நான் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருக்கிறேன்.

பகலிலும் கூடம் இருட்டு. அதனால் தொட்டிக்கு மேலே நீங்கள் மாட்டின டியூப்லைட்டைக் காலையில் போட்டால் படுக்கும்போதுதான் அணைப்பேன். இந்த வீட்டில் எனக்கு இருந்த வெளிச்சம் அது ஒன்றுதான். அந்த வெளிச்சத்தில் இரண்டு கோமாளி மீன்களும் கடல் சாமந்தியின், அந்தப் பூ மாதிரிப் பிராணியின், விரல்களுக்குள் நுழைந்து நுழைந்து வருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவையும் எங்கே போகும் பாவம்? நானும் எங்கே போவேன்?

இரண்டாவது அமாவாசைக்குப் பாபநாசம் போய், ஆற்று மீனுக்கு உங்கள் பேரைச் சொல்லிப் பொரி போட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அண்ணன் விடவில்லை. நான் அழுததைப் பார்க்கப் பொறுக்காமல் மதினிதான் சொன்னாள்: "பாவநாசம் போகாட்டா என்ன? வீட்டுலயே மீன் கெடக்குல்லா? அதுக்குப் போடேன். எங்கன போட்டாலும் அவியளுக்குப் போயிச் சேரும்."

போட்டேன். முதலில் அமாவாசைக்கு. பிறகு வெள்ளிக்கிழமைக்கு. பிறகு தினமும். துக்கம் கேட்க வந்தவர்களும் ஆளுக்கு ஒரு கை போட்டார்கள். மீன் வாயைத் திறக்கும்போதெல்லாம் நீங்கள் சாப்பிடுகிற மாதிரி இருந்தது எனக்கு. சிரிக்காதீர்கள்.

மாசியில் கண்ணாடியில் பச்சையாக ஒரு மங்கல் தெரிந்தது. துணியால் துடைத்தேன், இரண்டே நாளில் திரும்ப வந்தது. அப்புறம் பவளக் கற்களில் முடி முளைத்தது மாதிரி பாசி. பிய்க்கப் பிய்க்க வளர்ந்தது. சித்திரையில் ஒரு மீன் செத்து மிதந்தது. ஆனியில் பாசி சாமந்திமேலும் ஏறிவிட்டது. மிச்சமிருந்த மீன் நுழைய இடமில்லாமல் ஒரு மூலையில் போய் நின்றது. உங்கள் நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் இங்கிலீஷ். அண்ணனிடம் நீட்டினால் அவன் திறக்கவே இல்லை. "இதெல்லாம் எதுக்குட்டி? சித்தாத்துல கொண்டு விட்டிருவோம்" என்கிறான். கடல் மீன் ஆற்றில் பிழைக்குமா? அதுகூடத் தெரியாதவன் கையில் நான் இருக்கிறேன்.

போன வாரம் உங்கள் காலேஜ் அட்டெண்டர் சுடலைமுத்து வந்தார். நீங்கள் போன பிறகும் மாதா மாதம் திருச்செந்தூரிலிருந்து கேனில் கடல்தண்ணீர் கொண்டுவந்து, உள்ளே வராமல் வாசலிலேயே தந்துவிட்டுப் போனவர், இரண்டு மாதமாக ஆளைக் காணோம். அருவிக்கரையில் வழுக்கி விழுந்து முழங்காலில் கட்டுப் போட்டிருந்தார். தொட்டியைப் பார்த்ததும் கம்பை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"என்னத்தம்மா போட்டிய உள்ள?"

சொன்னேன்.

"சார் ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஒரு சிட்டிகை எறாப் பொடிதான் போடுவாவ. மீனு தின்னது போக மிச்சம் அழுகும்லா, அதத் தின்னுதான் பாசி இப்படிக் கொழுத்திருக்கு. லைட்டு வேற பகல் பூரா எரியுது."

அத்தான், கேட்டீர்களா? உங்கள் பேரைச் சொல்லி நான் போட்ட ஒவ்வொரு பிடியும் உங்கள் மீனைக் கொன்றிருக்கிறது. அன்று பூராவும் அழுதேன். அழுது முடித்ததும் உங்கள்மேல் கோபம் வந்தது. ஐந்து வருஷம் இந்தத் தொட்டியோடு குடித்தனம் செய்தேனே, எனக்கு என்ன சொல்லித்தந்தீர்கள்? கண்ணாடியில் என் பொட்டுச் சாந்தைத் தொட்டு ஒரு கோடு போட்டு, தண்ணீர் வற்றினால் அதுவரை கிணற்றுத் தண்ணீர் ஊற்று என்றீர்கள். மற்றபடி, "ஏட்டி, கைய உள்ள விட்டிராத, சோப்புக் கை மீனுக்கு ஆகாது." அவ்வளவுதானே? ஒரு சிட்டிகை என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போயிருப்பீர்கள்?

இப்போது முழங்கை வரை விட்டுவிட்டேன். சுடலைமுத்து சொல்லச் சொல்லக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, தொட்டித் தண்ணீரையே வாளியில் மொண்டு வைத்து, உங்கள் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். பாசி பிரஷ்ஷில் சுற்றிக்கொண்டு வந்தது. மூன்று நாள் வெளிச்சம் கூடாது, தீனி கூடாது, காற்று மோட்டார் மட்டும் ஓடட்டும் என்றார். நான்காம் நாள் செத்த பாசியை வழித்துவிட்டு, இரண்டு கேன் புதுக் கடல்தண்ணீர் மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் அழுகல் சேர்ந்து மீன் போய்விடும். அந்தக் காலோடு அவரால் போக முடியாது.

அண்ணனைப் போகச் சொன்னேன். மீனுக்குத் தண்ணீர் சுமக்க மாட்டானாம். அப்படியென்றால் நானே போகிறேன் என்றேன்.

"இன்னும் பத்தொம்பது நாளுல தெவசம். அதுவரைக்கும் பொறுக்க மாட்டியா?"

"நான் பொறுப்பேன் அண்ணே. மீன் பொறுக்குமா?"

அவன் எழுந்து போய்விட்டான்.

*

நான்காம் நாள் காலை. கம்பளியை எடுத்துவிட்டேன். பாசி வெளுத்துத் தொய்ந்து கிடக்கிறது. சாமந்தி சுருங்கியிருக்கிறது, ஆனாலும் தொட்டால் விரலைப் பிடிக்கிறது. மீனைக் காணோம். பிறகு கல்லுக்குப் பின்னாலிருந்து மெல்ல வந்து என்னைப் பார்த்தது. மெலிந்துபோயிருக்கிறது. உயிர் இருக்கிறது அத்தான்.

வாசற்பக்கம் திரும்பினால், இரண்டு கேனும் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது. மதினி. "சோப்புப் போடல, வெறுந் தண்ணியிலதான் கழுவுனேன். நான் சொல்லித்தான பொரி போட்ட? போயிட்டு வா. ஒங்க அண்ணன நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். தெரு ஜன்னல் ஒன்றையும் திறந்து வைத்திருந்தாள். சாரல் உள்ளே வந்து முகத்தில் பட்டது.

புறப்படும் முன் ஒன்று கேட்கிறேன். திருச்செந்தூருக்கு எத்தனையோ முறை போனீர்களே, என்னை ஏன் ஒரு தடவைகூடக் கூட்டிப்போகவில்லை? மூன்று வயதில் எனக்கு அங்கேதான் மொட்டை போட்டார்களாம். கடல் ஞாபகமே இல்லை. எனக்குத் தெரிந்த கடல் நம் கூடத்தில் இரண்டு முழ நீளம்தான்.

இனி உங்கள் பேரைச் சொல்லித் தொட்டியில் ஒரு பொரிகூட விழாது, சத்தியம். அமாவாசைக்குக் காக்கைக்கு வைக்கிறேன், அதில் திருப்திப்பட்டுக்கொள்ளுங்கள். சாயங்கால பஸ்ஸில் தண்ணீரோடு திரும்பிவிடுவேன். ஆனால் போனதும் கேனை முக்க மாட்டேன். முதலில் மணலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கடலைப் பார்ப்பேன். அவ்வளவு நேரம் மீன் பொறுக்கும்.

உங்கள் மாமன் மகள்,
செண்பகம்