பையிலேயே இருந்த வாக்குமூலம்

நாகர்கோவில் தேவசகாயம் மகன், தற்போது ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் சட்ட அலுவலர், ஏசுவடியான் ஆகிய நான் என் தாயாருக்கு எழுதுவது:

அம்மா, கர்த்தருடைய கிருபையால் சுகமாயிருக்கிறேன். தங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே சிறிய சம்பவம் ஒன்று, கவலைப்பட வேண்டாம். கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய அனுப்பப்பட்ட எங்கள் தொழிலாளி இன்பராஜ், விஷவாயு தாக்கி வேலூரில் சிகிச்சையில் இருக்கிறார். அவர் தாமாகவே இறங்கியதாக ஒரு வாக்குமூலம் எழுதி, அவர் மனைவி ஜாஸ்மினிடம் கையெழுத்து வாங்கிவர முதலாளி என்னை அனுப்பினார். அது பொய் என்று அறிந்தும், மறுக்க அஞ்சிப் போனேன்.

தாளை எடுக்குமுன் ஜாஸ்மின், "இன்னா சார், வந்ததுமே வேலையா? ஜெபம் பண்ணிட்டுப் பேசலாம்" என்றார். கணவருக்காக அழுது ஜெபித்தவர், "ஆண்டவரே, சாரோட அம்மாவுக்கு முட்டி வலியாம், நல்லா நடக்க வைங்க" என்றும் வேண்டினார். என்றோ நான் அவரிடம் சொன்னது. தாள் பையிலேயே இருந்துவிட்டது.

முதலாளியிடம் மறுத்துவிட்டேன். போலீஸ் விசாரணையில் உண்மையை எழுதிக் கொடுக்கவிருக்கிறேன். வாசலில் பைக் நின்றாலே முதலாளியின் ஆட்களோ என்று விளக்கை அணைத்துவிடுகிறேன். அடுத்த அறை ரஃபி அகமது, "ஜாஸ்தி யோசிக்காதீங்க சார், நான் இருக்கறேன்ல" என்கிறார். ஆயினும் ஜெபிக்கையில் சமாதானமும், சொன்னால் நம்பமாட்டீர்கள், மகிழ்ச்சியும் உண்டாகின்றன.

வேலை போனால் ஊருக்கே வந்துவிடுவேன்; மாடி அறையை வாடகைக்கு விடவேண்டாம். என் கறுப்பு வக்கீல் கோட்டை வெயிலில் உலர்த்தி வையுங்கள். அறியாதவர் யார் கேட்டாலும் என் முகவரியைச் சொல்லாதீர்கள். ரஃபி இதைத் தபாலில் சேர்க்கக் காத்திருக்கிறார்; முடிக்கிறேன். ஜாஸ்மினும் இங்கே வந்திருக்கிறார்; கீழே இருவரின் சாட்சிக் கையெழுத்து என் தொழில் பழக்கம்தான்.

(ஒப்பம்) தே. ஏசுவடியான்

சாட்சிகள்:
இ. ஜாஸ்மின்
ரஃபி அகமது