அம்மா விட்ட நாவல்பழம்

ஆசை நைனாவுக்கு,

ஆந்திராவில்தான் இருக்கிறோம். எந்தப் பக்கம் போவோம் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாயே, முடிவாகிவிட்டது. மாநில எல்லையைப் பிரித்ததில் திருத்தணி மெட்ராஸுக்கு, நம் புத்தூர் ஆந்திராவுக்கு. ஆனால் சொல்லவந்தது அது இல்லை. உன்னைக் கொண்டுபோன நீரிழிவு அம்மாவையும் பிடித்துக்கொண்டது.

திருப்பதி ஆஸ்பத்திரியில் அம்மாவின் சிறுநீரை ஒரு நீல மருந்தோடு கண்ணாடிக் குழாயில் விட்டுக் காய்ச்சினார்கள். பார்த்துக்கொண்டே நிற்கிறேன், நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நின்றது! உடம்புக்குள் ஒளிந்திருக்கும் சர்க்கரை இப்படியா முகம் காட்டும்?

"இன்சுலின் ஊசியை விடாதீங்கம்மா. அரிசியைக் கொறைங்க. மாம்பழம் வாணாம். நேரேடு, அதான் நாவப்பழம், அது துன்னுங்க. நல்லது" என்றார் டாக்டர்.

ஊசிக்குத் தலையாட்டியவள் பழத்துக்கு மட்டும், "அது ஆவாது சார்" என்றாள்.

உனக்குத் தெரியுமா? உன் கருமாதி அன்று, போனவருக்குப் பிடித்த ஒன்றை விடவேண்டும் என்றார்கள். அம்மா நாவல்பழத்தை விட்டுவிட்டாள்.

பஸ்ஸிலேயே சண்டை போட்டேன்.

"போய்ச் சேந்த மனுசனுக்கு எதுக்கும்மா விரதம்? இருக்கிறவ துன்னு!"

"வாயை மூடுடா. ஒங்க நைனா வந்து சொல்லட்டும், துன்றேன்."

"அவரு எங்கேர்ந்து வருவாரு?"

"அப்ப கம்முனு வா."

மாநிலத்துக்கே கோட்டை மாற்றிப் போட்டுவிட்டார்கள். இவள் போட்ட கோட்டை அசைக்க முடியவில்லை. எனக்கு இப்போது கோபம்கூட இல்லை, மலைப்பாக இருக்கிறது. இருந்தவரை உங்களுக்குள் ஓயாத சண்டைதானே? இத்தனை ஆசையை எங்கே வைத்திருந்தாள்?

இன்று உன் திவசம். படையல் இலையில் நாவல்பழத்தைக் குவித்துவிட்டேன். "நைனாவுக்கு வெச்சது, ஒனக்கில்ல" என்றேன். முறைத்தாள். ஆனால் நீ சாப்பிட்ட இலையின் மிச்சத்தை அம்மா ஒருநாளும் ஒதுக்கியதில்லையே. இன்றைக்கு மட்டும் ஒதுக்குவாளா?

கூரைமேல் பழத்தோடு வைத்த சோற்றையும் வடையையும் வந்த காக்காய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பழத்தைக் கொத்தியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வாசலில் நின்று பார்த்த அம்மா, "வந்த ஒடனே பழமா?" என்று உன்னைத்தான் திட்டினாள். பிறகு உள்ளே போய் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

அவளை ஊசியை நிறுத்த விடமாட்டேன். மாசாமாசம் திருப்பதிக்கு நானே கூட்டிப்போகிறேன், இது சத்தியம்.

"டேய், கொட்டை போட ஒரு தட்டு எடுத்தா" என்று கூப்பிடுகிறாள். நான் போகணும் நைனா.

உன் மூத்த பிள்ளை