தரையிறங்கும் உதவி தேவையில்லை

ஜூலை 14, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். போர்வைகள் துவைத்தாயிற்று.

கீழ் வீட்டு விமலா என்னைப் பற்றி எல்லோரிடமும் சொல்கிறாளாம்: "ஸ்டெல்லாம்மா, வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் நாள் முழுக்க போன்ல பிளேன் கேம்." தவறு. போன் அல்ல, கணினி. நாள் முழுக்க அல்ல; ஜெபம், சமையல் முடிந்த பிறகு. கேமும் அல்ல. வளையத்துக்குள் புகுந்து நட்சத்திரம் பொறுக்கும் பிளேன் போன வருடத்தோடு சரி. அதில் மோதினால் உடனே புது பிளேன் வந்துவிடும். எனக்குப் பிடிக்கவில்லை. மோதினால் மோதியதாக இருக்க வேண்டும்.

இப்போது ஓட்டுவது சிமுலேட்டர். எடை, எரிபொருள், காற்று எல்லாம் நிஜம் போல.

ஜூலை 16, வியாழன்

குழுத் தலைவர் பாஸ்கர் போன் செய்தார். குரோம்பேட்டையில் அவர் வீட்டில்தான் சிமுலேட்டர்காரர்கள் கூடுவது. ஆகஸ்டில் எல்லோரும் சேர்ந்து சிமுலேட்டரில் சென்னையிலிருந்து போர்ட் பிளேர் பறக்கிறார்கள். எனக்கு 'ஈஸி' அறையில், அதாவது உதவிகளோடு ஓட்டும் பிரிவில், இடமாம். கம்ப்யூட்டரே இறக்கிவிடுமாம். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் அதுதான் வழக்கமாம்.

பரீட்சை வையுங்கள் என்றேன். சிரித்தார். "சனிக்கிழமை வாங்க ஆன்ட்டி. பாண்டிச்சேரி டு சென்னை. உதவி எல்லாம் ஆஃப். குறுக்குக் காத்து வெப்பேன், அழக்கூடாது."

வெண்டைக்காய் முற்றல். கடைக்காரரிடம் சொல்ல வேண்டும்.

ஜூலை 18, சனி

ரயிலில் போனேன். கஞ்சி போட்ட நீலப் புடவை.

பாஸ்கர் வீட்டில் மூன்று திரை, நிஜ பெடல். செருப்பைக் கழற்றினேன். புறப்படும் முன் சரிபார்ப்புப் பட்டியலை வரிவரியாக விரல் வைத்து வாய்விட்டுப் படித்தேன், சின்ன வயதில் பள்ளிக்கூடத்து சிஸ்டர் வாசிக்கச் சொல்லித் தந்தபடி. பின்னால் ஒருவர், ஆன்ட்டி ஜெபம் பண்றாங்க என்றார். சொல்லட்டுமே.

கடலோரமாக வடக்கே பறந்து வந்தேன். சென்னையில் இடப்பக்கமிருந்து பலத்த காற்று. பரங்கிமலை நெருங்கும்போது வேகம் அதிகம், விமானத்தின் மூக்கும் ஓடுபாதைக்கு நேராக இல்லை. இறங்கவில்லை. முழு விசை கொடுத்து மேலே ஏறி, மறுபடி சுற்றினேன்.

"ஆன்ட்டி பயந்துட்டாங்கப்பா" என்றார் பாஸ்கர்.

"பின்னால் பயணிகள் இருந்தால் நீங்களும் இதைத்தான் செய்ய வேண்டும், பாஸ்கர்" என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாம் முறை: இடது இறக்கை காற்றுக்குச் சாய்வாக, வலது பெடலால் மூக்கு நேர். முதலில் இடது சக்கரம், பிறகு வலது. நடுக்கோட்டின் மேல்.

அதே காற்றில் பாஸ்கரும் உட்கார்ந்தார். காட்டுகிறேன் என்று. முதல் முறையிலேயே அழுத்தி இறக்கினார். விமானம் ஓடுபாதையை விட்டுப் புல்லில் போய் நின்றது.

"மச்சான், மாடு மேய்க்கவா எறங்கின?" என்றார் அவர் நண்பர்.

நான் சிரிக்கவில்லை. ரயில் ஏறிய பிறகு சிரித்தேன். என் வீட்டுக்காரர் இருந்தவரை ஸ்கூட்டரில் எப்போதும் பின்னால்தான் உட்கார்ந்தேன். இன்று விமானியின் இடது இருக்கை. அவரிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

ஜூலை 19, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தேன். தூறல். முழங்கால் வலி.

போர்ட் பிளேர் பயணத்தில் என் இடம் என்னாயிற்று என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். பாஸ்கர் கட்டைவிரல் படம் போட்டிருக்கிறார். எதற்குச் சம்மதம்? ஈஸி அறைக்கா? பதில் அனுப்பினேன். நகல்:

திரு. பாஸ்கர் அவர்களுக்கு, படம் பதிலாகாது. ஆகஸ்ட் பயணத்தில், உதவிகள் இல்லாத பிரிவில், விமானியாக என் பெயர் சேர்ந்ததா இல்லையா என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.