எதுக்கும் அம்மா ஆறுதலா வரட்டும்

என் அன்பு மனைவிக்கு,

இஞ்சாரும், மகள் பக்கத்திலேயே நிற்பதால் இதைப் போனில் சொல்ல முடியவில்லை. நீர் மன்னார் ஆஸ்பத்திரிக்குத் தாதியாக மாற்றலாகிப் போய் ஆறு வாரம். நாள்கணக்கில் வீட்டுப்பக்கம் வரவிடாத கொழும்பு லொறியை விட்டுவிட்டு நான் ஓட்டுகிற பள்ளிக்கூட வானில் இப்போது பதினொரு பிள்ளைகள்.

மகளுக்கு இரட்டைப் பின்னல் பின்னவும் பழகிவிட்டேன். முதல் நாள் ஒன்று காதுக்கு மேலே, மற்றது கழுத்தடியில். வானில் எல்லாரும் சிரித்தார்கள். மகளோ தலையை நிமிர்த்தி, “என்ரை அப்பா பின்னினவர்” என்றாள். போன கிழமை உரும்பிராய்ச் சந்தியில் ஏறிய சின்னப்பிள்ளை ஒன்று, “மாமா, எனக்கும் பின்னி விடுங்கோ” என்று றிபனை நீட்டியது.

ஆகவே, பிள்ளை ஏங்குவாள் என்று வேலையை விடும் கடிதத்தைக் கொடுத்துவிடாதேயும். நேற்றுக் காலை அவள் கேட்டாள்:

“அம்மாக்கு இஞ்சை மாற்றம் கிடைச்சால் நீங்கள் திரும்ப லொறிக்குப் போயிடுவியளோ?”

“இல்லைப் பிள்ளை.”

பின்னலை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “எதுக்கும் அம்மா ஆறுதலா வரட்டும்.”

அவசரமே இல்லையாம்! உமக்குக் கோபம் வரக்கூடும். ஆனால் அவள் பிறந்த இந்த எட்டு வருடத்தில் முதல்முறையாக என் பிள்ளை என்னைப் போகவேண்டாம் என்கிறாள்.

இப்படிக்கு,
இப்போது வீட்டிலேயே இருக்கிற
உமது கணவன்