அடித்துவிட்ட வரி

என்னைவிடப் பத்து நிமிஷம் மூத்தவளுக்கு,

நம்ம கணக்கு வாத்தியாரோட பாராட்டு விழாவுல நான் நாலு வார்த்தை பேசணுமா? நல்லா இருக்குடி உன் நியாயம்!

ஒரு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டு, முதல்முறையா ஒரு பின்னக் கணக்கை நானே போட்டேன். "மக்கு! அக்காவைப் பார்த்துதானே எழுதினே?"ன்னு கேட்டு நோட்டை விசிறி அடிச்சார். வகுப்பே சிரிச்சது. நீ குனிஞ்சு பென்சில் சீவிட்டிருந்தே.

தையல்கடையில இன்னைக்கும் ஒவ்வொரு அளவையும் மூணு தடவை சரிபார்த்துட்டுத்தான் துணியில கத்திரி வைக்கிறேன்.

அந்தக் கணக்குல நான் நடுவுல தப்பா எழுதி அடிச்ச வரி, உன் நோட்டுலயும் அப்படியே அடிச்சு இருந்தது. அவர் கவனிக்கலை. நான் கவனிச்சேன்.

மேடை ஏறினா அதைத்தான் பேசுவேன். வரட்டுமா?

உன் மக்குத் தங்கை