பழுது ஏதும் இல்லை

மார்ச் 3, செவ்வாய்

இன்று மட்டும் ஏழு லிஃப்டுகளுக்கு உயிர் கொடுத்தேன். ஒன்றில் மூன்று வக்கீல்கள் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். வழக்குப் போடுவோம் என்று மிரட்டிக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். இந்தப் பூமண்டலத்தில் என்னைப் போல் ஒரு லிஃப்ட் மெக்கானிக் இதற்கு முன் பிறந்ததில்லை. இனிப் பிறப்பதாகவும் தகவல் இல்லை.

அப்பேர்ப்பட்ட சக்கரவர்த்தி வீடு திரும்பினால், மகாராணி நாலாவது மாடிப் படியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வீடு ஆறாவது மாடி. இந்தக் கட்டடத்து லிஃப்டைப் பராமரிப்பதும் அடியேன்தான்.

"லிஃப்ட்ல ஏறலையா?"

"கதவு மூடினதும் நெஞ்சு அடிச்சுக்குது. இறங்கிட்டேன்."

"படி ஏறினா மட்டும் அடிச்சுக்காதா?"

"அடிச்சுக்கும். அதுக்கு ஒரு காரணம் இருக்குல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரையே மேலே தூக்குகிறவன் பெண்டாட்டிக்கு லிஃப்ட் பயமாம். அவள் சிரிக்கவில்லை. உள்ளங்கை நனைந்திருந்தது.

மார்ச் 9, திங்கள்

இசிஜி எடுத்தாயிற்று. ரத்தம், தைராய்டு, எல்லாம் பார்த்தாயிற்று. டாக்டர் தாள்களைப் புரட்டிவிட்டு, "எல்லாம் நார்மல்மா. டென்ஷன் ஆகாதீங்க" என்றார். ஒன்றரை நிமிடம் ஆகியிருக்கும். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி வெளியே வந்தேன். அவள் தோற்றவள் மாதிரி வந்தாள். "ஏதாவது இருந்திருந்தா தேவலை" என்றாள். இது என்ன பேச்சு?

மார்ச் 14, சனி

வாலு வந்திருந்தாள். என் மனைவியின் அக்கா மகள், இருபத்தைந்து வயதாகிறது. அக்கா போய் ஆறு வருஷம் ஆகிறது. சனிக்கிழமை தோறும் வாலு இங்கேதான். சித்தப்பா என்றால் அவளுக்கு இலவச சர்க்கஸ்.

சர்க்கஸ் நடத்தினேன். மோட்டாருக்குள் பேரிங் தேய்கிறதா என்று பார்க்க, நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை மோட்டாரில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்போம். அதை எடுத்து வந்து மகாராணியின் முதுகில் வைத்தேன். "பேரிங் பிரமாதம். பெல்ட்டுதான் லேசா லூஸ். நாப்பத்தெட்டு வருஷத்து மாடல், ஸ்பேர் கிடைக்காது!"

வாலு உருண்டு புரண்டு சிரித்தாள். மகாராணியும் சிரித்தாள். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள்.

தண்ணீர் இருபது நிமிடம் ஓடியது. அவள் குளிக்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

இன்று அவள் என்னிடம் பேசியது: "உப்பு போதுமா?" அவ்வளவுதான்.

மார்ச் 20, வெள்ளி

அவள் வேலை செய்யும் எக்ஸ்ரே மையத்திலிருந்து மேலாளர் கூப்பிட்டார். யாரோ ஒரு பெரியவருக்கு நெஞ்சுப் படம். இவள் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றிருக்கிறாள். அடுத்து "விடுங்க" சொல்ல வேண்டும். குரல் வரவில்லை. நெஞ்சு அடித்த அடியில் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பாவம், அந்த மனிதர் சொன்ன சொல்லைத் தட்டாதவர். முகம் சிவக்கச் சிவக்கப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறார்.

வேறு நாளாக இருந்தால் இந்தக் கதையை வைத்தே ஒரு மாதம் பிழைத்திருப்பேன்.

இருபத்திரண்டு வருஷ வேலை. ஒரு மாதம் விடுப்பு கொடுத்திருக்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ராஜினாமா கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள். "நான் நிக்கிற இடத்துல நிதானமா இருக்கிறவங்கதான் நிக்கணும்" என்றாள். பேனா மூடியைத் தேடிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்

பெண்கள் மருத்துவர். இவர் தாளைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார். மாதவிடாய் எப்படி வருகிறது, எப்போது தள்ளிப்போகிறது, திடீரென்று உடம்பு கொதிக்கிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா? ஒவ்வொன்றுக்கும் அவள் தலையாட்டினாள். அரை மணி நேரம்.

"மாதவிடாய் நிக்கறதுக்கு முந்தின காலம் இது. ஹார்மோன் ஏறி இறங்கும்போது நெஞ்சு படபடக்கும், பயம் வரும். நீங்களா கற்பனை பண்ணிக்கலை" என்றார். அவள் அழுதுவிட்டாள். தோலில் ஒட்டிக்கொள்ளும் ஹார்மோன் பேட்ச், கூடவே ஒரு மாத்திரை. வேண்டாமென்றால் வேறு வழிகளும் உண்டாம்.

"எங்க அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய்" என்றாள். "அம்பத்தோரு வயசுல."

டாக்டர் பேனாவை மூடினார். "அதனாலேயே கூடாதுன்னு இல்ல. ஆனா உங்களுக்கு மார்பக எக்ஸ்ரே படம் எடுத்துப் பாக்காம தரமாட்டேன். கொஞ்சம் ரிஸ்க் கூடும், அதை மறைக்கவும் மாட்டேன். யோசிங்க. முடிவு உங்களோடது."

வரும் வழியில் பேருந்தில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அக்காவோட படத்தை எடுத்ததே நான்தான். அந்த வெள்ளைப் புள்ளியை முதல்ல பாத்ததும் நான்தான். அவ என்னடி தெரியுதுன்னு கேட்டா. ஒண்ணும் இல்லக்கான்னு சொல்லிட்டேன்."

ஆறு வருஷம். ஒரே கட்டில், ஒரே மேசை. எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் நான் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன். அவள் எப்போது சொல்வாள்?

ஏப்ரல் 11, சனி

எட்டு மாடி அலுவலகக் கட்டடம். ஐந்தாவது மாடியில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் அம்மாள், குருவி மாதிரி இருப்பார். லிஃப்ட் உதறுகிறது என்று மூன்று முறை புகார் கொடுத்திருக்கிறார். சர்வீஸ் புத்தகத்தைத் திறந்தேன். மூன்று முறையும் என் அழகான கையெழுத்து: பழுது ஏதும் இல்லை. பழுது ஏதும் இல்லை. பழுது ஏதும் இல்லை.

என்ன தோன்றியதோ, கருவிப் பெட்டியை வெளியே வைத்துவிட்டு வெறுங்கையோடு ஏறினேன். மேலும் கீழுமாய் எத்தனை தடவை என்று கணக்கில்லை. நாலாயிரம் தடவை என்று எழுதத்தான் கை வருகிறது. நாற்பது இருக்கும். நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே உதறியது. பல் கிட்டிப்போகிற மாதிரி ஓர் உதறல். லிஃப்ட் ஏறி இறங்கும் செங்குத்துத் தண்டவாளத்தைச் சுவரோடு பிடித்திருக்கும் கவ்வி ஒன்று தளர்ந்திருக்கிறது. இரும்புப் பெட்டியோடு நான் ஏறும்போதெல்லாம் அந்தக் கனம் உதறலை அமுக்கிவிட்டிருக்கிறது. எடையில்லாமல் தனியாளாய்ப் போகிறவருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

அந்த அம்மாளிடம் போய்ச் சொன்னேன். "அப்ப எனக்குக் கிறுக்கு இல்லையே?" என்று கேட்டார். "எனக்குத்தாம்மா" என்றேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

மகாராணியிடம் நேற்றைய கருவிப் பெட்டிக் கதையைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். முன்னுரை, கையசைப்பு எதுவும் இல்லாமல். ஸ்க்ரூ டிரைவர் விஷயத்துக்கு.

"நீங்க கோமாளித்தனம் பண்ணாம உட்கார்ந்திருந்தா எனக்கு இன்னும் பயமா இருக்கு. செத்துருவேன்னு டாக்டர் உங்ககிட்ட மட்டும் சொல்லிட்டாரோன்னு" என்றாள். "பண்ணுங்க. என்னை வச்சுப் பண்ணாதீங்க."

ஏப்ரல் 23, வியாழன்

சனிக்கிழமை வரை பொறுக்காமல் வாலுவை வரச்சொல்லி, அக்காவின் படத்தைப் பற்றிச் சொல்லிவிட்டாள். நான் சமையலறையில் ஒரே டம்ளரை ஐந்து முறை கழுவினேன்.

"தெரியும் சித்தி. அம்மா அன்னைக்கே சொன்னாங்க. உன் சித்திக்குப் பொய் சொல்லத் தெரியாது, முகத்தைப் பாத்தே புரிஞ்சிருச்சுன்னு."

மறுபடியும் வாலுதான் பேசினாள்.

"பேட்ச் போடு, போடாம இரு. அது உன் இஷ்டம். எங்கம்மாவுக்குத் தண்டம் கட்டற மாதிரி போடாம இருக்காத."

மே 5, செவ்வாய்

அவளுக்குப் படம் எடுத்தார்கள். அவள் மையத்திலேயே (விடுப்பை நீட்டித்திருக்கிறார்கள்), அவள் பழக்கிவிட்ட பெண்தான் எடுத்தாள். நான் வெளி நாற்காலியில். கதவுக்குள்ளிருந்து கேட்டது: "மூச்சைப் பிடிங்கக்கா." உலகத்தில் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்தார்கள். நான் பிடித்தேன், அது நிச்சயம்.

அந்தப் பெண் முகத்தில் எதையும் காட்டாமல் வந்தாள். நன்றாகத்தான் பழக்கியிருக்கிறாள்.

மே 7, வியாழன்

படம் சுத்தம். அவள் அதை நம்பவில்லை. எனக்கும் "ஒன்றும் இல்லை" என்ற சொல்லே கசக்கிறது.

மே 12, செவ்வாய்

பேட்ச் பெட்டி நாலு நாளாக மேசை மேல், ராஜினாமா கடிதத்துக்குப் பக்கத்தில். ஒன்று ஒட்டப்படவில்லை, மற்றது அனுப்பப்படவில்லை. பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பக்கவிளைவுத் தாளை நான் திருட்டுத்தனமாக எடுத்துப் படித்தேன். விரித்தால் வீட்டுக்குப் பாய் போடலாம். ஒவ்வொரு வரியிலும் ஒரு பூதம்.

யாரிடமும் சொல்லாதது: அவள் ஒட்டிக்கொண்டாலும் எனக்குப் பயம், ஒட்டாவிட்டாலும் பயம். இத்தனை வருஷம் கைவைத்து எதையும் ஓட வைத்தவன் நான். இதில் கைவைக்கவே இடமில்லை. இன்று காலை படியில் அவள் மூச்சு வாங்கும் சத்தம் ஆறாவது மாடி வரை கேட்டது. கதவைத் திறக்காமல் உள்ளே நின்றேன். திறந்து என்ன செய்ய?

மே 13, புதன்

ஒட்டிக்கொண்டாள். இடுப்புக்குக் கீழே. அவளாகவே.

ஜூன் 1, திங்கள்

மூன்றாவது வாரம். பெரிதாக ஒன்றுமில்லை. நேற்று இரண்டு தடவை படபடப்பு, ஒரு தடவை அழுகை. "அவசரப்படாதீங்க" என்று டாக்டர் சொன்னாராம். சொல்வது சுலபம்.

ஜூன் 17, புதன்

ஐந்து வாரம். இப்போதும் வருகிறது. வாரத்தில் நாலு நாள். முன்பு ஏழு நாளும் வந்தது. எந்த நாள், எத்தனை மணி என்று டாக்டருக்காகக் குறித்து வைக்கிறாள். தாள் தீர்ந்துவிட்டதாம், ராஜினாமா கடிதத்தின் பின்பக்கத்தில் குறிக்கிறாள்.

சாயங்காலம் நான் வந்தபோது கீழே லிஃப்ட் கதவைக் கையால் பிடித்தபடி நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்கவில்லை.

"பெட்டியை அங்கேயே வச்சுட்டு வாங்க" என்றாள்.

வைத்துவிட்டு வந்தேன். கதவு மூடியது. மூன்றாவது மாடி தாண்டும்போது என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது. நான் சொல்லத் தயாராக வைத்திருந்த நூற்றெட்டு ஜோக்குகளில் ஒன்றுகூட வரவில்லை. அவள் குரல்தான் வந்தது, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வரும் குரல்:

"மூச்சை இழுத்துப் பிடிங்க."

பிடித்தேன். நாலு. ஐந்து. ஆறு. கதவு திறந்தது.

"விடுங்க."

பிறகு கீழே போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு, இந்தக் கட்டடத்து சர்வீஸ் புத்தகத்தில் இன்றைய தேதிக்கு எழுதினேன்: உதறல் உண்டு. ஓடுகிறது.